அண்ணையின் மூக்கும் ஊரின் வாயும்

மூக்கால் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுகிற ஒவ்வொருவரையும் வரிசையாக நிற்கவைத்து, ஆளுக்கு ஒரு கிண்ணம் இரத்தம் குடிக்கக் கொடுக்கவேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. தலையைச் சாய்த்தால் இரத்தம் நிற்பதில்லை. வெளியே வரவேண்டியது தொண்டைக்குள் போகிறது, அவ்வளவுதான். பிறகு அது வயிற்றில் கிடந்து குமட்டிக் கறுப்பு வாந்தியாக வரும்போது, அதே ஆள் "ஐயோ, உள்ளுக்கும் ஏதோ வெடிச்சுப் போச்சு" என்று தலையில் கை வைப்பார். நான் முப்பது வருடம் ஆஸ்பத்திரிகளில் தாதியாக வேலை செய்தவள். இந்தக் கூத்தை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் எரிச்சல் மட்டும் புதிதாக வந்தது.

ஓய்வு பெற்றதும் ஊர்காவற்றுறையில் அண்ணையின் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். நான் கலியாணம் கட்டவில்லை. அண்ணி காலமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவர்களின் ஒரே மகன் பிரான்சில். எழுபது தாண்டிய மனிதர் தனியே தேங்காய் திருவிக் கஷ்டப்படுகிறாரே என்று நான் வந்ததாக ஊர் சொல்லிக்கொண்டது. உண்மையில் அண்ணை என்னைவிட நன்றாகச் சமைப்பார். எனக்குத்தான் போக வேறு இடம் இருக்கவில்லை.

அண்ணை கடல்தொழில் செய்தவர். இப்போது கடலுக்குப் போவதில்லை, கரையில் இருந்து மற்றவர்களின் வலைகளைப் பொத்திக் கொடுப்பார். ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு குரலால் வந்தது. பெரிய வெள்ளிக்கு முன்வருகிற தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் பசாம் படிப்பவர் அவர்தான். ஆண்டவர் பாடுபட்டு இறந்த கதையை ஒப்பாரிபோல இழுத்து இழுத்துப் பாடுவதைத்தான் நாங்கள் பசாம் என்கிறோம். பெரிய வெள்ளிக்கு அவர் பாடாவிட்டால் அது பெரிய வெள்ளியே இல்லை என்று சொல்லுகிறவர்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப்பேர் பாட்டின் நடுவே நித்திரை கொள்ளுகிறவர்கள்.

நான் வந்த பிறகு அவருக்கு நெஞ்சில் ஒரு சின்ன அடைப்பு வந்தது. அன்றிலிருந்து பிறசருக்கு ஒரு குளிசை, இரத்தத்தை இளக்குவதற்கு ஒரு குளிசை, இன்னும் ஒன்றிரண்டு. மாதாமாதம் கிளினிக் கொப்பியை நானே கொண்டுபோய் மருந்து எடுத்து வந்தேன். அண்ணையை வெயிலில் இழுத்துக்கொண்டு போகத் தேவையில்லை என்று தீர்மானித்ததும் நான்தான். வீட்டில் ஒரு தாதி இருக்கும்போது வேறு யார் பார்க்க வேண்டும்?

அடைப்பு வந்து இரண்டு வருடம் கழித்து, தபசு காலத்தின் இரண்டாவது வெள்ளி. அண்ணை பாடிக்கொண்டிருந்தார். முள்முடி சூட்டுகிற இடம் வந்தபோது புத்தகத்தில் ஒரு துளி விழுந்தது. பிறகு இன்னொன்று. அண்ணை லேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து பாடினார். அங்கேதான் பிழை. பாட்டை நிறுத்தி உட்கார்ந்திருந்தால் அது ஒரு கிழவரின் மூக்கு இரத்தமாக மட்டும் இருந்திருக்கும். சிவந்த லேஞ்சியைக் கையில் பிடித்தபடி அவர் பாட, முன்வரிசைப் பெண்கள் விம்மி விம்மி அழத் தொடங்கினார்கள்.

அடுத்த வெள்ளியும் வந்தது. அதற்கடுத்த வெள்ளியும். மற்ற நாட்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. எங்கள் சனத்துக்கு இவ்வளவு காணாதா? அண்ணையின் மூக்கைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் எங்கள் படலையடியில் கூடத் தொடங்கியது. பக்கத்து வீட்டு அக்கா, மூன்று வேளையும் அடுத்தவர் அடுப்பை எட்டிப் பார்க்கிற மனுசி, ஒருநாள் மெல்லிய குரலில் என்னிடம் கேட்டார்.

"தங்கச்சி, கோவிக்காதையும். அண்ணையின்ர அந்த லேஞ்சியை ஒருக்காத் தருவீரா? பூசைப் புத்தகத்துக்குள்ள வைக்க."

"அது சவர்க்காரத் தண்ணியில ஊறுது அக்கா. வேணுமெண்டால் வாளியோட கொண்டு போங்கோ."

அவர் முகம் கறுத்துத் திரும்பிப் போனார். எனக்கு அன்றைய பகல் முழுக்க அது நல்ல சந்தோசமாக இருந்தது.

பங்குச் சுவாமி மட்டும் நியாயமாகப் பேசினார். "இதைப் பெரிசுபடுத்தாதேங்கோ, ஒரு டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று அண்ணையிடம் சொன்னார். சுவாமி சொல்லுகிறதை இந்த ஊர் எப்போது கேட்டது, அன்று கேட்க? நானும் கேட்கவில்லை. டொக்டர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்பது என் எண்ணம்.

இது ஆண்டவரின் அருள் என்று நம்பாதவர்கள் சூட்டை நம்பினார்கள். முன்வீட்டில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். படித்தவர் என்று பெயர். அவர் காலையில் செவ்விளநீரோடு வந்து, "உடம்புச் சூடு தலைக்கு ஏறிப்போச்சு, நண்டை நிப்பாட்டுங்கோ, தலையில குளிர் தண்ணி ஊத்துங்கோ" என்று வகுப்பு எடுத்தார். தபசு காலத்தில் நண்டு எங்கே, நாங்கள் எங்கே! இன்னொருவர் கதவு திறக்கிற இரும்புத் திறப்பைப் பிடரியில் வைத்தால் இரத்தம் நிற்கும் என்றார். அவருடைய தகப்பனுக்கு அப்படித்தான் நின்றதாம். பத்து நிமிடம் சும்மா இருந்தாலே பாதிப்பேருக்குத் தானாக நிற்கும் என்பதும், திறப்புக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்பதும் அவருக்கு எப்படி விளங்கும்? அண்ணையின் மகன், என் மருமகன், பிரான்சிலிருந்து வீடியோவில் வந்து, "மாமி, அது காத்து வறண்டு போறதால வாறது. நான் ஒரு மெஷின் அனுப்புறன், அது காத்தை ஈரமாக்கும்" என்றான். நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவுக்கு ஈரம் அனுப்புகிற பிள்ளை! நான் சிரித்த சிரிப்பில் அவன் கதையை மாற்றிவிட்டான். வறண்ட மூக்குக்கு ஈரம் வேண்டும் என்று பெரியாஸ்பத்திரியில் பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்தும் எழுதித் தந்தார்கள். அதை நான் இன்றுவரை மருமகனுக்குச் சொல்லவில்லை.

என்னுடைய முடிவு இதுதான்: அண்ணை வலை முடிச்சு அவிழ்ப்பதற்கென்று பெருவிரலில் நகம் வளர்த்து வைத்திருந்தார். பங்குனி வெயிலில் மூக்குக்குள் பொருக்குக் கட்டும். அந்த நகத்தால் அதைக் கிண்டுவார். அதுதான் காரணம். நகத்தை வெட்டினேன். மூக்கின் உள்விளிம்பில் இரவில் வஸ்லின் பூசச் சொன்னேன். இரத்தம் வந்தால் கதிரையில் நிமிர்ந்து இருந்து, தலையை முன்னுக்குக் கொஞ்சம் குனிந்து, மூக்கின் கீழே மெத்தென்று இருக்கிற பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விடவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன்.

"எலும்பில பிடிக்காதேங்கோ. கீழ. கீழ எண்டு சொல்லுறன்! பத்து நிமிசத்துக்கு விடக்கூடாது. நிண்டுட்டுதோ எண்டு இடையில திறந்து திறந்து பாக்கக்கூடாது. வாயுக்க வந்தால் விழுங்காமல் துப்புங்கோ. பிறகு மூக்குச் சீறக்கூடாது, கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடிக்கக்கூடாது. விளங்குதோ?"

"ஓம்" என்றார் அண்ணை.

"என்ன ஓம்? திருப்பிச் சொல்லுங்கோ."

அவர் திருப்பிச் சொன்னார். எழுபத்துநான்கு வயது மனிதர் இரண்டாம் வகுப்புப் பிள்ளைபோல மூக்கைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னார். எனக்கு அப்போது அதில் ஒன்றும் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் கூசுகிறது.

இந்த ஏற்பாட்டால் மூன்றாம் வெள்ளியிலிருந்து ஒவ்வொரு முறையும் கால் மணித்தியாலத்துக்குள் இரத்தம் நின்றது. நான் சொன்னதுதான் சரி என்று எல்லோருக்கும் சொன்னேன். ஏன் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இவ்வளவு வருகிறது என்ற கேள்வியைக் கேட்டவர்கள் அந்த முட்டாள் சனம்தான். அவர்கள் சொன்ன பதில் பிழை. ஆனால் நான் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை.

பெரிய வெள்ளி வந்தது. கோயில் நிரம்பி வெளியே பந்தலிலும் சனம். சாதாரண வருடங்களில் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்களும் அன்று அண்ணையின் மூக்கைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் பெண்கள் பக்கத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். சிலுவையில் அறைகிற இடத்தில் அண்ணையின் குரல் அறுந்தது. எழும்பிப் பார்த்தேன். இம்முறை துளிகள் இல்லை, ஓட்டம். வெள்ளைச் சேட்டின் முன்பக்கம் முழுவதும் நனைந்துவிட்டது.

நான் முன்னுக்குப் போவதற்குள் அவரைத் தூக்கிப் பீடத்துக்குப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சனத்தைக் கிழித்துக்கொண்டு போனேன். வாசலில் கோயில் மூப்பர் கையை நீட்டி மறித்தார்.

"மிஸ், கொஞ்சம் பொறுங்கோ. இது வேற விசயம்."

"வேற விசயமெண்டால் அவர் செத்தாப் பிறகு ஆறுதலாகக் கதைப்பம். விலகுங்கோ!"

உள்ளே அண்ணையை நிலத்தில் மல்லாக்கப் படுக்கவைத்து, கழுத்துக்குக் கீழே தலையணை கொடுத்துத் தலையைப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவர் விசிறினார். திறப்புக்காரர் திறப்போடு நின்றார். வாத்தியார் தண்ணீர்ச் செம்போடு நின்றார். வெளியே பெண்கள் செபமாலையை உரக்கச் சொன்னார்கள். நடுவில் அண்ணை மிடறு மிடறாகத் தன் இரத்தத்தை விழுங்கிக்கொண்டு கிடந்தார். இத்தனை பேரில் அவரை நிமிர்த்தி இருத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

நிமிர்த்தி இருத்தினேன். குனிய வைத்தேன். நானே மூக்கைப் பிடித்தேன். பத்து நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்துப் பிடித்தேன். விட்டதும் குபுகுபுவென்று வந்தது. இன்னும் பத்து நிமிடம். மற்றத் துவாரத்தாலும் வரத் தொடங்கியது. என் விரல்களுக்கிடையால் வழிந்து முழங்கை வரை வந்தது. அண்ணையின் கை என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தது. கை குளிர்ந்துவிட்டது. முப்பது வருடத்தில் எத்தனையோ பேரின் இரத்தத்தைப் பார்த்தும் பதறாதவள், அன்று பயந்துபோனேன். இந்த மனிதர் போய்விட்டால் எனக்கு உலகத்தில் ஒருவரும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

சுவாமிதான் அம்புலன்சுக்குப் போன் அடித்தார். தீவிலிருந்து பட்டணத்துக்குப் போகிற பண்ணைப் பாலத்தில் போகும்போது அண்ணை விழுங்கியதெல்லாம் வாந்தியாக வந்தது. நான் அவருடைய மூக்கை விடவேயில்லை.

பெரியாஸ்பத்திரியில் மூக்கு வியாதிக்கு இருந்த டொக்டர் ஒரு இளம் முஸ்லிம் பெண்பிள்ளை. தலையை மூடிக் கட்டியிருந்தார். வயது என் வேலைக்காலத்தைவிடக் குறைவாக இருக்கும் என்று பார்த்ததும் கணக்குப் போட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தப் புத்தி போகவில்லை. அவர் அலட்டாமல் வேலை செய்தார். மூக்குக்குள் நீளத் துணியைத் திணித்து அடைத்தார். இரத்தம் நின்றது. பிறசர் மெஷினின் இலக்கத்தைப் பார்த்தவர் இன்னொரு முறை அளந்தார்.

"குளிசைகள் ஒழுங்காகப் போடுறாரா?"

"ஓம். நான்தான் பாக்கிறனான். நானும் தாதிதான். கிழமைக்கு ஏழு அறை உள்ள பெட்டியில ஞாயிற்றுக்கிழமையில நிரப்பி வைப்பன். அடுத்த ஞாயிறு பாத்தால் ஒண்டும் மிச்சம் இராது." பதில் சொல்லும்போதே என் குரலில் ஒரு இளக்காரம் இருந்திருக்கும். எப்போதும் இருப்பதுதானே.

டொக்டர் என்னை விட்டுவிட்டு அண்ணையின் பக்கம் குனிந்தார்.

"ஐயா, இன்றைக்குக் காலையில குளிசை போட்டீங்களா?"

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

"இண்டைக்கு ஒருசந்தி, பிள்ளை."

ஒருசந்தி என்றால் ஒருநேரச் சாப்பாட்டோடு விரதம் இருப்பது. காலையில் ஒன்றும் சாப்பிடுவதில்லை. இதை டொக்டருக்கு நான் விளக்கப் போனேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"நேற்று?"

"நேற்றும் ஒருசந்தி. முந்தநாளும்."

"அப்ப அந்தக் குளிசைகள்?"

"நாளைக்கு ஒருசந்தி முடியுதுதானே. நாளைக்குச் சாப்பிட்டிட்டு நாலு நாளின்ரையையும் சேர்த்துப் போட இருந்தனான். மற்ற வெள்ளிக்கிழமைகளில விட்டதையும் சனிக்கிழமையில சேர்த்துத்தான் போட்டனான். ஒண்டும் வீணாக்கேல்லை."

டொக்டர் கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். நாலு நாள் பிறசர்க் குளிசையும் இரத்தத்தை இளக்குகிற குளிசையும் ஒரேயடியாக அந்த வயதில் உள்ளே போனால் என்ன நடக்கலாம் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். அண்ணைக்குத் தெரியாது. ஒரு குளிசையும் வீணாகாமல் பார்த்துக்கொண்டதில் அவருக்குத் திருப்தி.

"எங்கட வாப்பாவும் நோன்புக்கு இப்படித்தான் செய்தவர்" என்றார் டொக்டர். "அதால நான் எல்லாரிட்டயும் இதைக் கேக்கிறது. ஏன் ஐயா, விரத நாளில போடக்கூடாதெண்டு யார் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் போடவேணும், வெறும் வயித்தில ஒருநாளும் தொடக்கூடாதெண்டு தங்கச்சி சொன்னவ. சாப்பாடு இல்லாத நாளில என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை."

நான் சொன்னதுதான். மூன்று முறை சொல்லி, திருப்பிச் சொல்ல வைத்து, சுவரிலும் எழுதி ஒட்டியிருந்தேன். சாப்பிடாவிட்டால் குளிசை போடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அண்ணை என் சொல்லை எழுத்துப் பிசகாமல் பிடித்திருந்தார். தபசு காலம் முழுவதும், ஒரே வீட்டில், என் கண்ணுக்கு முன்னால்.

"வீட்டிலயே தாதி இருக்கிறா. அவவிட்டக் கேட்டிருக்கலாமே?" என்று டொக்டர் கேட்டார்.

அண்ணை சிரிக்கப் பார்த்தார். மூக்கில் துணி இருந்தபடியால் அது சரிவரவில்லை.

"கேட்டால் ஏசுவா, பிள்ளை. ஒண்டு தெரியாதெண்டு அவவுக்கு முன்னால சொல்ல ஏலாது."

டொக்டர் என்னைப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை. கொப்பியில் எழுதிக்கொண்டே, விரத நாளிலும் குளிசை தவறக்கூடாது, ஒருநாள் விட்டால் அடுத்த நாள் இரண்டாகப் போடக்கூடாது, இரத்தம் இளக்குகிற குளிசை எடுக்கிறவர்களுக்கு அரை மணித்தியாலத்தில் இரத்தம் நிற்காவிட்டால் காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று சொன்னார். எல்லாவற்றையும் அண்ணையிடம்தான் சொன்னார். விளங்காததை அண்ணை கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். அண்ணை இவ்வளவு கேள்வி கேட்கக்கூடிய ஆள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

உயிர்த்த ஞாயிறு கழிந்து வீட்டுக்கு வந்தோம். பக்கத்து வீட்டு அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். எப்படியோ எல்லாக் கதையும் அவருக்கு எட்டியிருந்தது.

"பாத்தீரா தங்கச்சி, வெள்ளிக்கிழமை இரத்தம் வராமல் இருந்திருந்தால் சனிக்கிழமை நாலையும் விழுங்கியிருப்பார். அவரைக் காப்பாத்தத்தான் ஆண்டவர் காட்டினவர்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிறசர் ஏறியது விரதத்தால் அல்ல, குளிசை விட்டதால் என்று சொல்லலாம். மூக்கில் ஒரு சின்ன இரத்தக் குழாய் வெடிப்பதற்கு ஆண்டவர் தேவையில்லை என்றும் சொல்லலாம். என்ன சொல்லி என்ன, அண்ணையைக் காப்பாற்றியது அந்த இரத்தம்தான், நான் இல்லை. இந்த மனுசியிடம் தோற்றுப்போக வேண்டியிருந்ததே என்று எனக்கு இன்றும் எரிகிறது. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு கோப்பை குடித்துவிட்டுப் போனார்.

நான் திருந்திவிட்டேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். சுவரில் ஒட்டியதைக் கிழித்தேன். குரலைத் தாழ்த்திப் பேசப் பழகினேன். காலையில் அண்ணை குளிசை போடும்போது பக்கத்தில் போய் நிற்காமல் இருந்தேன். இனி அவர் பயப்படமாட்டார் என்று நினைத்தேன்.

வைகாசி முடிவில் சோளகக் காற்று வீசத் தொடங்கிய ஒரு பகல். சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவக் குசினிக்குப் பின்னால் போனேன். கிணற்றடிக்குப் பக்கத்தில், வலைகள் வைக்கிற கொட்டிலுக்குள், அண்ணை கதிரையில் இருந்தார். மடியில் பேசின். தலையை முன்னுக்குக் குனிந்து, மூக்கின் கீழ்ப்பகுதியை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். மடியில் இருந்த கைத்தொலைபேசியில் நேரம் பார்த்தார். எல்லாம் சரி. ஒரு பிழையும் இல்லை. பேசினில் இருந்ததைப் பார்த்தால் தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. குசினிக்கும் கொட்டிலுக்கும் இருபது அடிகூட இல்லை.

என் நிழல் உள்ளே விழுந்ததும் அவர் நிமிர்ந்தார். நான் வாயே திறக்கவில்லை. மூக்கைப் பிடித்தபடியே, மற்றக் கையை என்னை மறிப்பதுபோல உயர்த்திக்கொண்டு, "போட்டனான் தங்கச்சி, காலமை போட்டனான், சாப்பிட்டிட்டுத்தான் போட்டனான்" என்றார்.